சாவி தராத அம்மா

திண்டிவனம் அருகே ஓர் ஆய்வுக்கூடத்தில் காற்று வடிகட்டி மாற்றப் போயிருந்தேன். கிருமிகளைக் கொல்ல அறைக்குள் ஃபார்மலின் என்ற நச்சுப் புகை போட்டுப் பூட்டியிருந்தார்கள். சாவி பாதுகாப்பு அதிகாரியம்மாவிடம் இருந்தது. குள்ளமானவர், பேசும்போதெல்லாம் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருப்பார்.

மேலாளர் வந்து அவசரப்படுத்தினார். “ஜல்தியா தொறங்க மேடம், வேலை நிக்குது.”

“புகை இன்னும் அடங்கல சார். புகை அளக்குற மீட்டர் காட்டிக்கினு இருக்குது.”

“லேசாத்தான் இருக்கும். சாவியக் குடுங்க, இல்லன்னா உங்க வேலை போயிடும்.”

“போவட்டும் சார். உள்ள போறது நீங்க இல்ல, இவரு.”

என்னைக் காட்டிவிட்டு, நாற்காலியை இழுத்துக் கதவை மறித்து உட்கார்ந்தார். மாலையில் மீட்டர் இறங்கிய பிறகே எழுந்து திறந்தார்.

அடுத்த முறை போனபோது அந்த இடத்தில் வேறொருவர் இருந்தார். அன்று அந்த அம்மா என் பெயரைக்கூடக் கேட்டிருக்கவில்லை.