பின்பக்கம் இரண்டு தட்டு

வாசல் கேற்றை முதலில் ஒரு விரற்கடை மேலே தூக்க வேண்டும். பிறகு இடது முழங்காலால் ஒரு தள்ளு. சைக்கிள் கரியரில் கட்டிய பெட்டி இரும்பு, நீளச் சதுரக் குழாய், பின்னால் நீட்டிக்கொண்டிருக்க, பிரடெரிக் இரண்டையும் ஒரே அசைவில் செய்து உள்ளே போகிறார். கேற் சத்தமில்லாமல் திறக்கிறது. வேறு யாராவது தள்ளினால் சின்ன உப்போடை ஊர் முழுவதற்கும் கேட்கும்.

அந்த வளவில் எந்தப் பொருளும் சொன்னவுடன் கேட்காது. கிணற்று மோட்டருக்குச் சுவிச்சைப் போட்டுவிட்டு அதன் தலையில் ஒரு குட்டு வைக்க வேண்டும். குசினி யன்னலை உட்பக்கம் இழுத்துப் பிடித்தால்தான் கொளுக்கி விழும். மோட்டார் சைக்கிளை இடப்பக்கம் சரித்து நாலு ஆட்டு ஆட்டிவிட்டுத்தான் உதைக்க வேண்டும். பிரடெரிக் அரசாங்கப் பட்டறையில் பொருத்துநராக இருந்து ஓய்வுபெற்றவர். நட்டுக் கழற்ற அவரிடம் இல்லாத சாவி இல்லை, அவர் கழற்றாத இயந்திரம் இல்லை. ஆனால் தன் வீட்டில் பழுதான எதையும் அவர் திருத்தியது கிடையாது. பழுதுக்குத் தக்கபடி கையைப் பழக்கிக்கொள்வார், அத்தோடு விட்டுவிடுவார். “மெசினுக்கும் ஒரு குணம் இரிக்கி கா. குணம் தெரிஞ்சவன் வேல செய்வான்” என்று சொல்லும்போது முகத்தில் ஒரு பெருமை வரும். அந்தப் பாழாய்ப்போன பெருமைதான் எல்லாவற்றையும் கெடுத்தது.

வீட்டுக்குப் பின்னால், வாவிக் கரையோரத் தகரக் கொட்டிலில், அவர் கையாலேயே செய்த வட்டவாள் மேசை நிற்கிறது. நடுவில் மேசைக்கு மேலே பாதி தெரிகிற வாள். அதற்கு வலப்பக்கம், பலகையை அணைத்துத் தள்ளுவதற்கு ஒரு நீளச் சட்டம். பட்டறையில் அதற்குக் ‘கைட்’ என்று பெயர். வேண்டிய அகலத்துக்குக் கைட்டை நகர்த்திப் பூட்டிவிட்டால் பலகை அதை ஒட்டியபடியே நேராகப் போய் வெட்டுப்படும். பழைய கைட் மெல்லிய தகட்டில் செய்தது. முன்னால் பூட்டும்போது அதன் பின்நுனி வாளை நோக்கிக் கொஞ்சம் சாய்ந்துவிடும். அதற்கும் பிரடெரிக்கிடம் ஒரு கைப்பழக்கம் இருந்தது. பூட்டியவுடன் மேசையைச் சுற்றிப் பின்னால் போய், உள்ளங்கையின் அடிப்பாகத்தால் நுனியை வெளிப்பக்கமாக இரண்டு தட்டுத் தட்டுவார். தக், தக். சட்டம் நேராகிவிடும். அதற்குப் பிறகுதான் மோட்டரைப் போடுவார்.

இந்த இரண்டு தட்டையும் அவர் யாருக்கும் மறைக்கவில்லை. சொல்லவும் இல்லை. கண்டால் தெரியும்தானே என்ற எண்ணம்.

தம்பி மார்க் பக்கத்து வளவு. பாடசாலையில் எழுதுவினைஞர் என்பது அவனுடைய உத்தியோகம். ஊர் அவனை அறிந்தது வயலினால். பறங்கியர் வீட்டுக் கலியாணத்தில் கபிரிஞ்ஞா ஆட்டம் தொடங்கும்போது மார்க் வயலினைத் தோளில் வைத்தான் என்றால் முழங்கால் நோவுக்காரரும் கதிரையை விட்டு எழும்பிவிடுவார்கள். பிரடெரிக் ஆடமாட்டார். முன்வரிசையில் இருந்து சப்பாத்துக் காலால் தாளம் போடுவார். வாசிக்கிறவன் என் தம்பி என்று பக்கத்தில் இருப்பவரிடம் சொல்வார், அவருக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தாலும்.

போன மார்கழியில் கிறிஸ்மசுக்குக் கோயிலில் பாலன் குடில் கட்டச் சட்டங்கள் வேண்டியிருந்தன. வருடாவருடம் குடில் இந்தச் சகோதரர் இருவரின் பொறுப்பு. அண்ணன் சட்டம் வெட்டுவார், தம்பி குடிலைக் கட்டி எழுப்புவான். அன்றைக்கு பிரடெரிக் ஆணி வாங்கக் கடைக்குப் போயிருந்தார். மழை விட்டிருந்தது. வரும்வரைக்கும் சும்மா நிற்பானேன் என்று மார்க் தானே கைட்டை அளந்து பூட்டி மோட்டரைப் போட்டான். எல்லாம் ஒழுங்காகத்தான் செய்தான். பலகை பாதி போனதும், சாய்ந்த சட்டத்துக்கும் வாளுக்கும் இடையில் இறுகிப் பின்னுக்குத் துள்ளியது. அதை அமத்திப் பிடித்திருந்த இடது கை வாளுக்குள் போனது. சுட்டுவிரலும் நடுவிரலும் போய்விட்டன. வயலின் தந்தியை அழுத்துகிற விரல்கள்.

பிரடெரிக் உடுத்திருந்த சாரத்தோடு ஆஸ்பத்திரிக்கு ஓடினார். கட்டுப்போட்ட கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு மார்க் கட்டிலில் கிடந்தான். அண்ணனைக் கண்டதும் அவனுக்குக் கண் கலங்கியது. வழி நெடுக ‘ஆண்டவரே, ஆண்டவரே’ என்று அழுதுகொண்டு வந்த மனிதரின் வாயிலிருந்து அந்த நேரம் வந்தது இதுதான்:

“நீ பின்னுக்குத் தட்டல்லயாடா?”

மார்க்குக்கு விளங்கவில்லை. “என்னத்த அண்ணன் தட்டுற?”

பிரடெரிக் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று விளக்கினார். சட்டம் எப்படிச் சாயும், எந்த இடத்தில் தட்டினால் நேராகும் என்று கையால் காற்றில் தட்டியும் காட்டினார். மார்க் கடைசிவரை கேட்டான்.

“அப்ப உங்களுக்குத் தெரியும்” என்றான். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தான். அதற்குப் பின் அண்ணனோடு கதைக்கவில்லை.

கொஞ்ச நாள் பிரடெரிக் வந்தவர் போனவருக்கெல்லாம் ஒரே பாட்டுத்தான் பாடினார்: “சாமான்ட குணம் தெரியாமத் தொடப்படா.” முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற கதை. ஒருநாள் மறுபக்கத்து வளவு வல்லிபுரம் வந்திருந்தார். கைட்டில் பெரிய பிழை ஒன்றும் இல்லை, மயிரளவுதான் என்று அவருக்குக் காட்டுவதற்காக பிரடெரிக் சட்டத்தைப் பூட்டி, அளக்கிற ரேப்பை வைத்தார். முன்பக்கம் வாளிலிருந்து நாலு அங்குலம். பின்பக்கம் இரண்டு சல்லிக்காசுத் தடிப்புக் குறைவு. அத்தனை காலமும் தட்டிக்கொண்டிருந்தாரே தவிர, ஒருநாளும் அளந்து பார்த்ததில்லை. வல்லிபுரம் குனிந்து ரேப்பை ஒருமுறை பார்த்துவிட்டுப் போய்விட்டார். அதன் பிறகு பிரடெரிக் அந்தப் பாட்டை நிறுத்தினார். மனைவி ஐறிஸ் பழைய கைட்டைக் கழற்றி வாவிக்குள் வீசியபோதும் தடுக்கவில்லை.

அன்று பிடித்த வேலை இன்னும் நடக்கிறது. மேசையின் முன்விளிம்பு நீளத்துக்கும் ‘எல்’ வடிவ அங்கிள் இரும்பு அடித்தார். அதன் மேல் ஓடுவதற்குக் குறுக்குக் கட்டையாக ஓர் இரும்பு, அதில் தடித்த பெட்டி இரும்பால் புதுக் கைட். முன்னால் மட்டும் பூட்டினாலும் பின்னால் அசையக் கூடாது, அதுதான் கணக்கு. கடையில் ஒவ்வொரு இரும்பாக எடுத்துக் கண்ணாடி மேசையில் புரட்டி வைத்துப் பார்த்து, நேரான ஒன்றைப் பொறுக்குவதற்குள் முதலாளிக்கு ஏன் கடை திறந்தோம் என்றாகிவிட்டது. வெல்டிங் செய்கிற ரதீஸ் ஒரு பொட்டு வைத்தால், அது ஆறும்வரை அவனைக் காத்திருக்கச் சொல்வார் பிரடெரிக். “வெக்க இரும்ப இழுக்கும். பொறு.” ரதீஸ் பகிடியாகக் கேட்டான்: “என்ன அங்கிள், றொக்கற்றா செய்யிறம்?” பிரடெரிக் சிரிக்கவில்லை. முதல் சட்டம் ஒட்டி முடிந்தபோது ஒரு மயிரிழை இழுத்திருந்தது. அதை மூலையில் எறிந்துவிட்டு மறுபடி இரும்புக்குப் போனார். இன்று சைக்கிளில் வந்தது இரண்டாவது.

இரும்பு இரும்பில் உரசாமல் வழுக்கி ஓட, பிளாஸ்ரிக் துண்டுகள் வேண்டியிருந்தன. ஐறிஸ் மீன் வெட்டுகிற பலகை காணாமற் போனது. அதை அவள் கொட்டிலில் கண்டுபிடித்தாள், துண்டு துண்டாக, கைட்டின் அடியில். அவள் மீனைப் பற்றிப் பேசவில்லை.

“இரும்போட இவ்வளவு மல்லுக்கட்டுறீங்க. வேலிக்கு அங்கால போய் அவனிட்ட ஒரு சொல்லுச் சொல்ல உங்களுக்கு வாய் வருதில்ல.”

“வேல முடியட்டும் ஐறிஸ். கண்டா அவனுக்கு விளங்கும்.”

கண்டால் விளங்கும்! தட்டைப் பற்றியும் இதைத்தானே நினைத்தார்? ஐறிசுக்கு வந்த கோபத்தில் யன்னலை அடித்துச் சாத்தினாள். இழுத்துப் பிடிக்காததால் கொளுக்கி விழவில்லை. கைட் ஒன்றைத் தவிர அந்த வீட்டில் எதுவும் திருந்தவில்லை. ஊரிலோ, கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று சொல்லிக்கொண்டார்கள். ஆவணியில் ஒரு கலியாணத்தில் வயலினுக்குப் பதிலாகப் பெரிய ஒலிபெருக்கிப் பெட்டியில் பாட்டுப் போட்டார்கள். பிரடெரிக் வாசலோரம் பின்வரிசையில் இருந்தார். சப்பாத்துக் கால் அசையவில்லை.

மறுபடி மார்கழி வந்தது, குடிலும் வந்தது. புதுக் கைட் ஏறிவிட்டது. ஐறிஸ்தான் வேலியோரம் நின்று மார்க்கைக் கூப்பிட்டாள். “கோயில் வேலதானே மார்க். அவருக்காக இல்ல. எனக்காக வா.” அன்று காலையில் முகம் வழிக்கும்போது பிரடெரிக் கண்ணாடியைப் பார்த்து ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார். ‘என்னிலதான் பிழ, மார்க்.’ ஐறிசின் காதில் அது விழுந்தது. அவள் மாதாவுக்கு ஒரு மெழுகுதிரி நேர்ந்துகொண்டாள்.

மார்க் இரண்டு பலகைகளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தான். இடது கையைச் சாரத்து மடிப்புக்குள் வைத்திருந்தான். பலகைகளை மேசையில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றான்.

பிரடெரிக் தொண்டையைச் செருமினார். உதடு அசைந்தது. ஐறிஸ் கொட்டில் வாசலில் நின்றாள்.

“பாத்தியா, பெட்டி இரும்பு” என்றார் பிரடெரிக். “தடிச்சது. இந்தா, இந்த ரெண்டு புரி ஆணியையும் திருகினாப் போதும், நேர்ப்படுத்தலாம். லீவர அமத்திப் பார்.” தானே அமத்தினார். கைட் ‘டக்’ என்று இறுகியது. ரேப்பை வைத்துக் காட்டினார். “முன்னுக்கும் நாலு, பின்னுக்கும் நாலு. இனிப் பின்னுக்குத் தட்டத் தேவயே இல்ல.”

சொல்லிவிட்டுத் தம்பியின் முகத்தைப் பார்த்தார். பரிசு கொடுத்துவிட்டுக் காத்திருக்கிற பிள்ளையைப்போல இருந்தது அவருடைய முகம். ஐறிசுக்கு அவரைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது.

மார்க் கைட்டை நுனியிலிருந்து நுனிவரை பார்த்தான். நல்ல வேலை என்று அவனுக்கும் தெரிந்தது. மெதுவாக மேசையைச் சுற்றிப் பின்பக்கம் போனான். மடிப்புக்குள் இருந்த இடது கையை வெளியே எடுத்தான். உள்ளங்கையின் அடிப்பாகத்தால் நுனியில் இரண்டு தட்டுத் தட்டினான்.

“தட்டிற்றன், அண்ணன்.”

பலகைகளை மறுபடி கக்கத்தில் எடுத்துக்கொண்டு நடந்தான். கேற்றைத் தூக்காமலே தள்ளினான். அதன் அலறல் வாவிவரைக்கும் கேட்டது. “போய்க் கூப்பிடுங்க” என்றாள் ஐறிஸ். “இப்பவாவது போங்க!”

பிரடெரிக் ரேப்பை இழுத்து முன்பக்கம் வைத்தார். நாலு அங்குலம். பின்னால் போய்க் குனிந்து வைத்தார். நாலு அங்குலம், அசையவில்லை. ரேப்பைச் சுருட்டாமல் கையில் பிடித்தபடியே மறுபடி முன்பக்கம் வந்து குனிந்தார்.