முப்பது நாள் நோட்டீஸ்

கொரோனா அடங்கி, ஜனங்கள் மறுபடியும் கூட்டங்களுக்கு வரத் தொடங்கியிருந்த நேரம். நான் மலேசியாவில் ஒரு பல்கலைக்கழகத்தின் எதிர்காலவியல் பிரிவில் ஆய்வு உதவியாளராக இருந்தேன். இருபது வருடம் கழித்து நம் ஊர் எப்படி இருக்கும் என்று பொதுமக்களோடு உட்கார்ந்து பேசும் கூட்டங்களை ஈப்போ, கோப்பெங் என்று ஊர் ஊராக நடத்திக்கொண்டிருந்தோம். அப்படி ஒரு சனிக்கிழமை, சிலிம் ரிவர் பக்கம் ஒரு பழைய ரப்பர் தோட்டத்துக்குப் போனோம். பால்மரம் போய்ச் செம்பனை வந்து வெகுகாலமாகிவிட்டது. தொழிலாளர்களுக்கென்று வரிசையாகக் கட்டிய லயத்து வீடுகளில் மட்டும் இன்னும் சில குடும்பங்கள் இருந்தன.

எங்கள் முறையில் ஒரு வித்தை உண்டு. எதிர்காலத்திலிருந்து வந்தது போல ஒரு பொருளைச் செய்து, ஒன்றும் சொல்லாமல் ஆட்கள் கையில் கொடுத்துவிடுவோம். முதலில் அவர்கள் அதை உணர வேண்டுமாம். விளக்கமெல்லாம் தேநீருக்குப் பிறகுதான். அன்றைய பொருளைத் தயாரித்தது நான். முப்பது நாளில் வீட்டைக் காலி செய்யச் சொல்லும் ஒரு நோட்டீஸ், மலாய் மொழியில். இல்லாத ஓர் அலுவலகத்தின் பெயர், கோப்பு எண், நீல மையில் முத்திரை எல்லாம் உண்டு. மேலே ஒரு மூலையில் இருபது வருடம் கழித்து வரப்போகும் தேதி. அச்சு அசலாக இருக்கிறது என்று பேராசிரியர் பாராட்டியபோது எனக்குத் தலைகால் புரியவில்லை.

நோட்டீஸைக் கொடுத்ததும் கோயில் மண்டபம் சூடாகிவிட்டது. ஆளாளுக்குச் சத்தம் போட்டார்கள். நான் சந்தோஷமாகக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தேன். பின்வரிசையில் இருந்த ஓர் அக்கா மட்டும் வாயே திறக்கவில்லை. என்னைவிடப் பத்து வயது மூத்தவர் இருப்பார், மாடு வளர்ப்பவர். மூன்று மணிக்கு எழுந்தார்.

"பால் கறக்கணும் தங்கச்சி, நான் வாரேன்."

நோட்டீஸ் நான்காக மடிந்து அவர் கையில் இருந்தது. விளக்கம் சொல்ல இன்னும் அரைமணி நேரம் இருந்தது. அதைச் சொல்லி அனுப்பத் தோன்றவில்லை எனக்கு. ஒரு பாக்கெட் பிஸ்கட்டை அவர் கையில் திணித்து, சிரித்து வழியனுப்பினேன்.

திங்கட்கிழமை காலை ஈப்போவில் வீட்டை விட்டுக் கிளம்பும்போது, அந்தத் தோட்டத்துப் பெண் ஒருவரிடமிருந்து குரல்பதிவு வந்தது. "மிஸ், மாட்டுக்கார அக்கா எல்லா மாட்டையும் கறிக்கு விக்கிறாங்க லா. நோட்டீஸ் சும்மான்னு சொன்னா நம்ப மாட்டறாங்க. சீல் அடிச்சிருக்குல்லங்கிறாங்க. பத்து மணிக்கு லாரி வருது. நான் வேலைக்கு வந்துட்டேன் மிஸ்."

மணி எட்டே முக்கால். கூட்டத்தில் எழுதி வாங்கியிருந்த எண்ணில் அக்காவை அழைத்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்க ஆளில்லை. காரை எடுத்தேன். தாப்பா பக்கம் சாலை வேலை. ஒரே தடத்தில் எல்லா வண்டியும் ஊர்ந்தன. அந்த முத்திரையை நானே கடையில் நின்று, மை சரியில்லை, இன்னும் கொஞ்சம் தேய்ந்தாற்போல் இருக்கட்டும் என்று சொல்லிச் செய்து வாங்கியிருந்தேன். அதை நினைக்க நினைக்க என் மேலேயே எனக்கு ஆத்திரம் வந்தது.

தோட்டத்துச் செம்மண் பாதையில் திரும்பியபோது எதிரே லாரி வந்துகொண்டிருந்தது. பின்பக்கம் மாடுகளின் தலை தெரிந்தது. யோசிக்கவே இல்லை, காரைக் குறுக்கே நிறுத்திவிட்டு இறங்கி ஓடினேன். லாரிக்கார அண்ணன் ஹாரனை அழுத்திப் பிடித்தார். அவர் பக்கத்தில் அக்கா உட்கார்ந்திருந்தார். முகம் வீங்கியிருந்தது.

"அக்கா, அது பொய் நோட்டீஸ்! நான்தான் அடிச்சேன்!"

"சீல் இருக்கே டீச்சர்" என்றார். சனிக்கிழமை தங்கச்சியாக இருந்தவள் இப்போது டீச்சராகிவிட்டேன்.

"சீலும் நான்தான் செஞ்சேன்கா. தேதியப் பாருங்க, தேதிய!"

லாரிக்கார அண்ணன் காகிதத்தை வாங்கி, கண்ணருகே வைத்துப் படித்தார். அடுத்த நொடி வெடித்துச் சிரித்தார். "என்னக்கா இது! நாம கெழவன் கெழவி ஆனப்புறம் வர்ற நோட்டீஸு!"

அக்கா சிரிக்கவில்லை. என்னையே பார்த்தார்.

"தேதிய யாரு பாக்குறா? எத்தன நாள் இருக்குன்னுதான் பாப்போம்."

அவர் இறங்கி, லாரியின் படியிலேயே உட்கார்ந்துகொண்டார். முன்பு வேறொரு தோட்டத்தில் இருந்தாராம். அங்கேயும் இதே மாதிரி கோயில் மண்டபத்தில் ஒரு கூட்டம். "பிஸ்கட்டு குடுத்தாங்க. உங்களுக்கு என்ன வேணும்னு கேட்டு எழுதிக்கிட்டாங்க. அப்புறம்தான் நோட்டீஸு வந்துச்சு. ஒண்ணும் ஆகாதுன்னு கடைசி நாள் வரைக்கும் நம்பிக்கிட்டு இருந்தேன். கொட்டாய உடைச்சதும் மாடெல்லாம் ரோட்டுக்குப் போயி அடிபட்டுருச்சு..." அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

லாரி பின்னாலேயே கொட்டகை வரை போனது. ஏறிய மாடுகள் இறங்க மாட்டேன் என்று அடம்பிடித்தன. பல்கலைக்கழகத்துக்குப் போகக் கட்டியிருந்த புடவையோடு நானும் கயிற்றைப் பிடித்து இழுத்தேன். "ஒரு காகிதத்துக்கு என்னைய இவ்ளோ தூரம் இழுத்துட்டீங்களே தங்கச்சி" என்று அந்த அண்ணன் கேலி செய்தாரே தவிர, ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை. மிரண்டுபோன ஒரு வெள்ளைப் பசு மட்டும் மூன்று நாள் பால் கொடுக்கவில்லையாம்.

கிளம்பும்போது மன்னிப்புக் கேட்டேன். அக்கா சாணிக் கையைக் கழுவிக்கொண்டே, "அடுத்த கூட்டத்துல மொதல்ல விசயத்தச் சொல்லு. அப்புறம் பிஸ்கட்டு குடு" என்றார்.

அடுத்த கூட்டத்திலிருந்து அப்படித்தான் செய்கிறோம். முறை கெட்டுவிடும் என்று பேராசிரியர் முதலில் முணுமுணுத்தார். நடந்ததைச் சொன்ன பிறகு அடங்கிவிட்டார். அந்த முத்திரை இன்னும் என் மேசை இழுப்பறையில் கிடக்கிறது. இருபது வருடம் கழித்து என்று மேடையில் நான் வாயைத் திறக்கும் போதெல்லாம், எதிரே உட்கார்ந்திருக்கும் யாரோ ஒருவர் மனதுக்குள் இன்னும் எத்தனை நாள் என்று எண்ணிக்கொண்டிருக்கிறாரோ என்ற பயம் எனக்கு இன்றும் போகவில்லை. அது போகவும் வேண்டாம்.