இரண்டாவது மொட்டை

அலுவலகத்தில் யார் திருப்பதிக்குக் கிளம்பினாலும் முதலில் என்னிடம்தான் வருவார்கள். புத்தூர்க்காரி, மலையடிவாரத்தில் பிறந்தவள், எல்லாம் தெரிந்திருக்கும் என்று நினைப்பு. எனக்கும் சொல்வதற்குக் குறைவில்லை. நடந்து ஏறுவதானால் அலிபிரியில் வெயிலுக்கு முன்னால் காலை வையுங்கள், அப்புறம் கல் கொதிக்கும். பையை அடிவாரத்தில் கொடுத்துவிட்டால் மேலே வந்து சேர்ந்துவிடும், முதுகில் சுமந்து வீறாப்புக் காட்ட வேண்டாம். செருப்பையும் போனையும் வண்டியிலேயே விடுங்கள். மொட்டை போடுகிறவர்கள் புது பிளேடு மாட்டுகிறார்களா என்று பார்த்துவிட்டு உட்காருங்கள். முடிந்ததும் துண்டு கட்டுங்கள், மலைக்காற்று காதுக்குள் போய்விடும். இப்படி மளமளவென்று சொல்லிவிடுவேன். "எத்தனை வாட்டி போயிருப்பே?" என்று கேட்டால், நிறைய என்பேன். பொய். போனது இரண்டே தடவை. இரண்டும் நான் நான்காம் வகுப்புப் படித்த வருஷம். அதற்குப் பிறகு நான் மலை ஏறவில்லை, ஏறப்போவதும் இல்லை.

அந்த வருஷம்தான் அம்மாவின் மார்பில் கட்டி வந்தது. வேலூரில் பரிசோதித்துவிட்டு, கேன்சர், மருந்து ஏற்ற வேண்டும், ஏற்றினால் முடியெல்லாம் கொட்டிவிடும் என்று சொல்லியிருக்கிறார்கள். எனக்கு அப்போது ஒன்றும் தெரியாது. வளர்ந்த பிறகு அக்கா சொன்னாள். அந்தச் சமயத்தில் அக்காவுக்கு நகரிப் பக்கம் சம்பந்தம் பேசி, தாம்பூலம் மாற்றியாகிவிட்டது. தாய்க்கு இந்த நோய் என்று தெரிந்தால் நாளைக்கு மகளுக்கும் வரும் என்று கையைக் கழுவிவிட்டுப் போய்விடுவார்கள். இப்போது மட்டும் என்ன வாழ்கிறதாம்! கல்யாணம் முடிகிற வரைக்கும் ஒரு ஈ காக்கைக்கும் தெரியக்கூடாது என்பதுதான் அம்மாவின் ஒரே கவலை. பிழைப்போமா என்று அவள் யாரையும் கேட்டதாக அக்காவுக்கு நினைவில்லை.

எங்கள் பக்கத்தில் மொட்டைத் தலையைப் பார்த்து யாரும் ஏன் என்று கேட்பதில்லை. "மலைக்குப் போய்ட்டு வந்தியா?" என்பார்கள், லட்டுக்குக் கை நீட்டுவார்கள், அவ்வளவுதான். அதனால் மருந்து ஏற்றுவதற்கு முன்பே முடியைச் சாமிக்குக் கொடுத்துவிடுவது என்று அம்மாவும் நைனாவும் முடிவெடுத்தார்கள். அவள் மட்டும் போட்டால் பேச்சு வரும் என்று குடும்பத்தோடு போடுவதாக ஏற்பாடு. கல்யாணப் பெண் என்பதால் அக்கா தப்பித்தாள். எனக்கு இடுப்புவரை முடி. வகுப்பில் வேறு யாருக்கும் அப்படிக் கிடையாது. என்ன வேண்டுதல், யாருக்கு வேண்டுதல் என்று ஒரு வார்த்தை சொல்லாமல் என்னை இழுத்துக்கொண்டு போனார்கள்.

பஸ்ஸில் போகலாம் என்று நைனா எவ்வளவோ சொல்லியும் கேட்காமல் அம்மா நடந்துதான் ஏறினாள். கொஞ்ச தூரத்துக்கு ஒருதரம் உட்கார்ந்தாள். உட்காரும் போதெல்லாம் எனக்கு ஏதாவது சொன்னாள். "இங்க ஒக்காந்து மாங்கா துன்னுட்டுத்தான் போவணும்." "இங்க கொஞ்ச நேரம் காத்து வாங்கணும், அப்பதான் மேல முழங்கால் நோவாது." அதையெல்லாம் மலை ஏறுவதற்கான சட்டதிட்டம் என்று நம்பினேன். இன்றைக்கும் எங்கெங்கே உட்கார வேண்டும் என்று கேட்பவர்களுக்கு அந்த இடங்களைத்தான் சொல்கிறேன். அவர்களும் வந்து, "ரொம்ப கரெக்டா சொன்னேப்பா" என்கிறார்கள்.

முதல் மொட்டையில் ஒரு வம்பும் வரவில்லை. ஊரே பிரசாதம் வாங்கித் தின்றது. அம்மா அடிக்கடி வேலூருக்குப் போவதற்கு, அங்கே சித்திக்குப் பிரசவம் என்று காரணம் சொன்னார்கள். சித்திக்குப் பாவம், அந்த வருஷம் பிரசவமே முடியவில்லை.

ஆனால் கெட்டிக்காரத்தனமாகப் போட்ட திட்டத்தில் ஒரு ஓட்டை இருந்தது. நைனாவுக்கு முடி வளர்ந்துவிட்டது. எனக்கும் காதை மறைக்கிற அளவுக்கு வந்துவிட்டது. அம்மாவுக்கு மட்டும் வரவில்லை. புருவம்கூட உதிர்ந்து, காலையில் எழுந்ததும் மையால் வரைந்துகொண்டாள். எந்நேரமும் தலையில் முக்காடு. குழாயடியில் ஒருத்தி, "இன்னாமே, உன் பொண்ணுக்கு மொளைச்சிடுச்சி, உனுக்கு இன்னும் மொளைக்கலியா?" என்று கேட்டுவிட்டாள். அம்மா குடத்தைப் பாதியிலேயே எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டாள்.

கல்யாணம் நெருங்கிக்கொண்டிருந்தது. இன்னொரு வேண்டுதல் பாக்கி இருக்கிறது, மறுபடியும் எல்லாரும் மொட்டை என்றார் நைனா. நான் புரண்டு புரண்டு அழுதேன். "சாமிக்கு எத்தினி வாட்டிதான் முடி வோணும்?" என்று கத்தினேன். அம்மா என்னைத் திட்டவில்லை, வளர்ந்திருந்த கொஞ்ச முடிக்கும் எண்ணெய் தடவி வாரிவிட்டாள்.

விஷயம் எப்படியோ சம்பந்தி வீட்டுக்கு எட்டி, நாங்களும் வருகிறோம், கல்யாணத்துக்கு முன்னால் சேர்ந்தே சாமி பார்த்துவிடலாம் என்று வண்டியோடு வந்து நின்றுவிட்டார்கள். வந்தது இரண்டு பேர். ஒருவர் மாப்பிள்ளையின் பெரியப்பா. அந்த வீட்டில் எல்லாம் அவர் வைத்ததுதான் சட்டம். புடவை எடுக்க அம்மா ஏன் வரவில்லை என்று முன்பே இரண்டு மூன்று தடவை கேட்டிருந்தார். இன்னொருவர் மாப்பிள்ளையின் அம்மா. நான் அவளை அத்தை என்று கூப்பிட வேண்டும் என்றார்கள். எனக்கு அவளைப் பிடிக்கவே பிடிக்காது. வண்டியில் என் பக்கத்தில் உட்கார்ந்து ஜன்னலை மறைத்துக்கொண்டாள். அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டும் வந்தாள்.

மொட்டை போடும் கூடத்தில் ஏகக் கூட்டம். தண்ணீரும் முடியும் சேர்ந்து தரையெல்லாம் வழுக்கியது. பெரியப்பாவும் நைனாவும் ஆண்கள் வரிசைக்குப் போனார்கள். "நீங்க போயி வெளிய ஒக்காருங்க அண்ணி, நாங்க முடிச்சிக்கினு வந்துர்றோம்" என்று அம்மா அத்தையிடம் கெஞ்சாத குறையாகச் சொன்னாள். "இருக்கட்டும் அண்ணி, கொழந்த அழுதா நான் புடிச்சிக்கிறேன்" என்று அவள் எங்களோடேயே ஒட்டிக்கொண்டாள். ஆகாத மனுஷி என்று நினைத்துக்கொண்டேன்.

முதலில் எனக்கு. மொட்டை போடுகிற ஒருத்தி என் தலையில் தண்ணீர் ஊற்றித் தேய்த்து மழித்தாள். அழுதுகொண்டே என் முடி விழுவதைப் பார்த்தேன். அடுத்து அம்மா உட்கார்ந்தாள். புழுக்கத்தில் வேர்த்து ஒரு பக்கப் புருவம் கரைந்து கன்னத்தில் வழிந்திருந்தது. முக்காட்டைப் பிடித்துக்கொண்டே இருந்தாள். அப்புறம் வேறு வழி இல்லாமல் எடுத்தாள்.

மழித்த தலைகூடப் பச்சையாக இருக்கும். அம்மாவின் தலை முட்டை ஓடு மாதிரி இருந்தது. தண்ணீர் ஊற்றிய மழிக்கிறவளின் கை அப்படியே நின்றது. "ஏமம்மா இதி?" என்று, என்னம்மா இது என்று தெலுங்கில் ஆரம்பித்தாள். அம்மா தலையைக் குனிந்துகொண்டாள்.

"கானீயம்மா, கானீ" என்றாள் அத்தை, நீ பாட்டுக்கு உன் வேலையைப் பார் என்கிற மாதிரி. மழிக்கிறவள் அத்தையை ஒருதரம் பார்த்தாள். பிறகு பிளேடைத் தோலில் படாமல் பிடித்து, நெற்றியிலிருந்து பிடரிவரை மெதுவாக இழுத்தாள். மறுபடியும் இழுத்தாள். கொடுப்பதற்கு ஒன்றுமே இல்லாத தலைக்கு மொட்டை நடந்துகொண்டிருந்தது.

அதற்குள் பெரியப்பா தலையைத் துடைத்துக்கொண்டே எங்களைப் பார்த்து வந்தார். அவருக்குப் பின்னால் நைனா ஓட்டமும் நடையுமாக வந்தார். அத்தை பெரியப்பாவைப் பார்த்தாள். அம்மாவின் மடியைப் பார்த்தாள், முன்னால் இருந்த ஈரத் தரையைப் பார்த்தாள். ஒரு மயிர்கூட இல்லாமல் வெறுந்தரையாகக் கிடந்தது. சட்டென்று புடவையைத் தூக்கிப் பிடித்து, என் காலடியில் கிடந்த முடியையெல்லாம் காலாலேயே தள்ளித் தள்ளி அம்மாவின் முன்னால் குவித்தாள். கொஞ்சத்தைக் குனிந்து அள்ளி அம்மாவின் தோளிலும் போட்டாள். பெரியப்பா வந்து நின்றார். தோளையும் தரையையும் பார்த்தார். "ஆயிடுச்சா? சீக்கிரம் குளிச்சிட்டு வாங்க, க்யூ பெருசா கீது" என்று சொல்லிவிட்டு நகர்ந்தார்.

அக்காவின் கல்யாணம் குறித்த நாளில் நடந்தது. அம்மா மொட்டைத் தலையில் சந்தனம் பூசிக்கொண்டு வந்தவர்களை வாசலில் நின்று வரவேற்றாள். அடுத்த பொங்கலுக்கு அவள் இல்லை.

ஆனால் மலையில் அன்றைக்கு எனக்கு வந்த கோபம் இருக்கிறதே, அது கொஞ்சநஞ்சமில்லை. சாமிக்குக் கொடுத்த முடியை, அதுவும் என் முடியை, அந்தப் பொம்பளை காலால் உதைக்கிறாள். உதைத்து அம்மாவின் மேல் குப்பை மாதிரி போடுகிறாள். அம்மா என்னடா என்றால் அவள் கையைப் பிடித்துக்கொண்டு விடாமல் அழுகிறாள். நான் நைனாவிடம் ஓடிப்போய், "நைனா, அந்த அத்த என் முடிய ஒதைச்சி அம்மா மேல போட்டா, நீ போயி கேளு" என்று அவர் வேட்டியைப் பிடித்து இழுத்தேன். நைனா அத்தை இருந்த பக்கம் பார்த்தார். ஈரத் துண்டை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டார், வெகுநேரம் எடுக்கவில்லை. சம்பந்தி வீட்டைக் கண்டு இவ்வளவு பயமா என்று எனக்கு நைனாவின் மேலும் வெறுப்பாக இருந்தது.