அமீனா பீயின் மீன் வாளி

கத்திரி வெயில் தொடங்கினால் ராயப்பேட்டையில் எல்லோரும் நிழலுக்கு ஓடுவார்கள். அமீனா பீ மொட்டை மாடிக்கு ஓடுவாள். விடியற்காலைத் தொழுகை முடிந்த கையோடு மேலே போனால், வெயில் சுள்ளென்று உறைப்பதற்குள் நாற்பது தொட்டிகளுக்கும் தண்ணீர் ஊற்றி, வேரடியில் தேங்காய் நார் பரப்பி, பாகல் கொடியில் ஆண் பூவைக் கிள்ளிப் பெண் பூவில் தடவிவிட்டுத்தான் இறங்குவாள். புதினாவை மட்டும், விரலில் ஏறும் வாசனைக்காகவே தேவைக்கு மேல் கிள்ளுவாள்.

"நாஷ்டா கிடைக்குமா, இல்லே நானும் ஒரு தொட்டியிலே போய் உக்காரட்டுமா?" என்று கணவர் பீர் முஹம்மது கீழேயிருந்து குரல் கொடுப்பார்.

செடிகள் அப்படிச் செழித்ததற்குக் காரணம் கெங்கம்மா. பட்டினப்பாக்கத்திலிருந்து கூடையோடு வந்து, அந்த வீட்டு கேட்டருகே உட்கார்ந்து மீன் விற்பவள். மீன் கழிவையெல்லாம் ஒரு பையில் போட்டு அமீனா பீக்கென்று எடுத்து வைப்பாள். அதில் வெல்லம் கலந்து, வாளியில் மூடி மூன்று வாரம் ஊறவைத்தால் செடிக்கு உரம். குடம் தண்ணீருக்கு ஒரு மூடி கலந்து ஊற்றினால் போதும். பதிலுக்குக் கெங்கம்மாவுக்குக் கத்திரிக்காய் போகும். பதினோரு வருடப் பழக்கம்.

போன மே மாதம் அமீனா பீ அவசரத்தில் வெல்லத்தைக் குறைத்துப் போட்டாள். வாளியையும் வெயிலிலேயே விட்டுவிட்டாள். மூடி தெறித்தது. நாற்றம் மூன்று மாடி இறங்கித் தெருவரைக்கும் வந்தது. வீட்டு ஓனர் ஜவஹர் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே வந்தார். கேட்டருகே மீன் கூடையைப் பார்த்ததும் அவருக்கு வேறு விசாரணை தேவைப்படவில்லை.

"அழுகின மீனைக் கொண்டாந்து விக்கிறியா? இனிமே இந்தப் பக்கம் உன்னைப் பார்த்தேன், நடக்கிறதே வேற!"

"இன்னா நைனா, காலைல புடிச்ச மீனு. மோந்து பாரு" என்றாள் கெங்கம்மா.

அமீனா பீ படியில்தான் நின்றாள். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் தொட்டிகளையெல்லாம் இறக்கச் சொல்லிவிடுவாரே என்று பயம். பாவி, வாயே திறக்கவில்லை. கெங்கம்மா கூடையைத் தூக்கிக்கொண்டு போனாள். அமீனா பீ மாடிக்கு ஓடி வாளியைக் கழுவினாள்.

அந்தக் கோடையில் காய்ப்பு கொட்டியது. ஒரு கத்திரிக்காய்கூட அவளுக்கு நிம்மதியாகத் தொண்டையில் இறங்கவில்லை.

உண்மையைச் சொல்ல ஒரு வருடம் ஆயிற்று. நேற்று ஜவஹரிடம் போய்ச் சொன்னாள். அவரோ சிரித்துவிட்டார். "அவ்ளோதானா? மூடியை நல்லா போடுங்கம்மா."

இன்று காலை ஒரு பை கத்திரிக்காயோடு பட்டினப்பாக்கம் போனாள். கெங்கம்மா சாலையோரம் வஞ்சிரம் வெட்டிக்கொண்டிருந்தாள்.

"கெங்கம்மா, அன்னிக்கு நாத்தம் என் வாளியிலேருந்துதான் வந்துச்சு. ஓனர்கிட்டே சொல்லிட்டேன். நீ பழையபடி வா."

"எனக்கு அன்னிக்கே தெரியும் பாயம்மா" என்றாள் கெங்கம்மா, கத்தியை நிறுத்தாமல். "மீனோடவே பொறந்து வளந்தவ. வெல்லம் புளிச்ச நாத்தம் தெரியாதா எனக்கு? சொன்னா உன் செடியெல்லாம் பூடுமேன்னு கம்முனு வந்துட்டேன்."

அமீனா பீக்குக் கண் நிறைந்துவிட்டது. "அப்போ வாயேன்."

"வேணாம். நான் கம்முனு இருந்தது உனக்கோசரம். நீ யாருக்கோசரம் கம்முனு இருந்தே?"

அமீனா பீ பையை நீட்டியபடியே நின்றாள்.