குட்டி லாரியின் கூரை

துருவுக்கு ஒரு ருசி உண்டு. நூம்பலில் எங்கள் வீட்டு வாசலில் நிற்கும் குட்டி லாரியின் முன் இருக்கையில் உட்கார்ந்து, மழை பெய்யும்போது அண்ணாந்து வாயைத் திறந்தால், தகரக் கூரையின் ஓட்டைகள் வழியாகச் செம்பழுப்பாக இறங்கும் தண்ணீர் நாக்கில் விழும். பல் விழுந்த இடத்தில் கசியும் ரத்தம் போல இருக்கும் அது. எட்டு வயதில் எனக்கு அது விளையாட்டு.

வெள்ளைக்காரர்கள் யுத்தத்தில் இருந்த காலம். நைனா என்று நான் கூப்பிடும் என் அப்பா, ஒரு துரை ஓட்டித் தேய்த்த பழைய அமெரிக்க வண்டியை வாங்கி, சுற்றுவட்டாரத்துக் கத்தரிக்காயையும் கீரையையும் ஏற்றிப் பட்டாபிராமில் பட்டாளத்துச் சமையல்கூடத்துக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவந்தார். முன்னால் இரண்டு பேர் உட்காரத் தகரக் கூரை போட்ட அறை, பின்னால் திறந்த தட்டு. அதனால்தான் ஊரில் அதற்குக் "குட்டி லாரி" என்று பெயர்.

அந்த ஐப்பசியில் அம்மா நிறைமாதம். என்னைப் பெற்றபோதே செத்துப் பிழைத்தவள் என்பதால், இந்தப் பிரசவத்தைப் பட்டணத்து ஆஸ்பத்திரியில்தான் வைத்துக்கொள்ள வேண்டும் என்று பூந்தமல்லி டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். பத்து மைல் தூரம், அடைமழை, தலைக்கு மேல் சல்லடை. கூரையைச் சரி செய்துவிடலாம் என்று நைனா வாயெடுத்ததுதான் தாமதம், எங்களோடு இருந்த அவருடைய அக்கா, என் அத்தை, பிடித்துக்கொண்டாள்.

"வாயும் வயிறுமா கீறா. இப்ப போயி கூரைய வெட்றேன்னு சொல்றியே, உனுக்கு புத்தி கீதா?"

"அது வண்டிக்கா, ஊடு இல்ல."

"இன்னாடா வண்டி? மஞ்சத்தண்ணி தெளிச்சியா இல்லியா? பூசணிக்காய் சுத்தி ஒடச்சியா இல்லியா? அப்ப ஊடுதான்."

கர்ப்பிணி இருக்கும் வீட்டில் கூரையைப் பிரிக்கக் கூடாது, ஆணி அடிக்கக் கூடாது, அடித்தால் வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது என்பது எங்கள் பக்கத்தில் எழுதாத சட்டம். எனக்கும் அத்தை சொன்னதுதான் நியாயமாகப் பட்டது.

ஆனால் அத்தை தன் மகளைப் பார்க்க வேப்பம்பட்டுக்கு ரயிலேறிய மறுநாளே, பூந்தமல்லியிலிருந்து தகர வேலை செய்யும் காதர் பாய் சாக்குப்பையோடு வந்து இறங்கிவிட்டார். அவர் வண்டி மேல் ஏறி உளியால் துருவைச் சுற்றி வெட்ட வெட்ட, தகரம் அப்பளம் போல நொறுங்கி விழுந்தது. புதுத் தகடு கிடைக்காத காலம். பெட்ரோல் பீப்பாய் ஒன்றைப் பிளந்து தட்டி நிமிர்த்தி, ஓட்டையை விடப் பெரிதாக ஒட்டு வெட்டினார். நான் வண்டியை விட்டு நகராமல் நின்றேன். நைனா என்னைப் பார்த்தார். "அத்த கிட்ட சொல்லிடாத கண்ணு" என்று சொல்லி, சூடம் வாங்கிவர வேலப்பன்சாவடிக்கு அனுப்பிவிட்டார்.

நான் திரும்பியபோது தகட்டைப் பிணைக்கும் ரிவிட்டு ஆணி அடித்து, தார் பூசி, கறுப்பு வர்ணமும் ஏறியிருந்தது. அம்மா கிணற்றடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தாள். தலைமுடியிலும் முந்தானையிலும் துருத்தூள். உதிர்ந்ததைப் பெருக்கியிருப்பாள் என்று நினைத்தேன்.

ஊர் திரும்பிய அத்தைக்கு எதுவும் தெரியவில்லை. ஆள் குள்ளம், கூரை மேல் கண் எட்டாது; அந்தப் "பேய் வண்டி"யில் ஏறவும் மாட்டாள்.

பத்து நாள் கழித்துக் கொட்டுகிற மழையில் நைனா அம்மாவை ஏற்றிக்கொண்டு போனார். நாலாம் நாள் அம்மா வெறுங்கையோடு வந்து இறங்கினாள். ஆண் பிள்ளை, கழுத்தில் கொடி சுற்றிப் பிறக்கும்போதே மூச்சில்லை என்றார்களாம். அத்தை மாரில் அடித்துக்கொண்டு, "எவ கண்ணு பட்டுச்சோ தெரியிலியே" என்று கதறினாள். கூடியிருந்தவர்கள் முன்னால் என் வாய் தானாகத் திறந்தது.

"கண்ணு இல்ல அத்தே. நைனாதான் கூரைய வெட்னாரு."

அழுகை சட்டென்று நின்றது. எல்லா முகங்களும் நைனா பக்கம் திரும்பின.

"ஆமாங்க்கா. நான்தான் வெட்னேன்" என்றார் நைனா.

"பெத்த புள்ளய வாரிக் குடுத்துட்டியேடா, பாவி!"

அன்றைக்கே பெட்டியைத் தூக்கிக்கொண்டு வேப்பம்பட்டுக்குப் போன அத்தை, நைனா செத்த அன்றுதான் மறுபடி எங்கள் வாசலை மிதித்தாள். அவள் கோபித்துக்கொண்டு போனதற்கு மறுநாள் காலை நைனா கடப்பாரையோடு வண்டி மேல் ஏறி, அந்த ஒட்டை நெம்பிப் பிய்த்து எறிந்தார். என் ஒரு வார்த்தை இவ்வளவு செய்யும் என்று நான் நினைக்கவே இல்லை. கார்த்திகை முழுக்க அவர் தலையில் மழையை வாங்கிக்கொண்டே பட்டாபிராம் போய்வந்தார்.

சுதந்திரம் வந்தது, லாரி பழைய இரும்புக்குப் போனது, நைனாவும் போய்ச் சேர்ந்தார். அம்மா எண்பதைத் தொட்ட ஒரு நாள், கொல்லைக் கதவுக்கு முட்டுக் கொடுத்திருந்த இரும்பு எடைக்கல்லைப் புரட்டினேன். காய் நிறுத்த காலத்து ரெண்டு வீசைக் கல், ஏறக்குறைய மூன்று கிலோ. அதன் முகத்தில் சின்னச் சின்னக் குழிகள். இது என்ன என்று கேட்டேன்.

"ரிவிட்டு அடிச்சா உள்ளேர்ந்து ஒருத்தர் கனமா முட்டுக் குடுக்கணும். மேல தகட்ட புடிக்கவும் அடிக்கவும் உங்க நைனாவுக்கும் பாய்க்குமே கை பத்தல. வேணாம் வேணாம்னாங்கோ. நான்தான் வண்டிக்குள்ள ஏறிக் குந்திகினு இந்தக் கல்ல புடிச்சேன்."

ஏனம்மா அன்றைக்குச் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"உங்க நைனா சொல்ல உடல. 'என்ன திட்டுவாங்கோ, அத்தோட போவும். உன்ன உயிரோட உடமாட்டாங்கோ'ன்னாரு." கல்லின் குழிகளைத் தடவிக்கொண்டே சொன்னாள்: "பத்து மைலு. என் தல மேல ஒரு சொட்டு உழல."

வண்டி நின்ற வாசலில் இன்று மூன்று மாடி வீடு நிற்கிறது, அம்மாவும் இல்லை. நைனாவிடம் நான் கடைசி வரை மன்னிப்பு கேட்கவில்லை. எடைக்கல் என்னிடம் இருக்கிறது. போன வாரம் அம்மா பிடித்த மாதிரி அதை இரண்டு கையாலும் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு குழிகளை எண்ணினேன். மொத்தம் பதினாறு என்று முன்பே எண்ணி வைத்திருந்தேன். ஒன்பதை எண்ணுவதற்குள் கை தாங்காமல், கல்லைக் கீழே வைத்துவிட்டேன்.