செங்கல் சுமந்து சைக்கிள் ஓட்டிய பரமேஸ் அக்கா

பரமேஸ் அக்கா போய்விட்டார் என்று அவருடைய தம்பி புக்கிட் மெர்தாஜாமிலிருந்து அலுவலகத்துக்குப் போன் செய்தபோது, "சும்மா சொல்லாதீங்க" என்று அவரை அதட்டிவிட்டேன். எதிர்பார்த்திருந்த செய்திதான். ஆனாலும் கோபம்தான் முதலில் வந்தது.

அவரைத் தெரிந்த உங்களுக்கு நான் புதிதாக என்ன சொல்லிவிடப் போகிறேன்? ஜார்ஜ் டவுன் அலுவலகத்தில் பக்கத்துப் பக்கத்து மேசையில் தட்டச்சு செய்தோம். ஞாயிறு காலையில் அவர் அக்கரையிலிருந்து மலைச் சைக்கிளோடு ஃபெர்ரியில் வந்து இறங்குவார். நான் என் சைக்கிளோடு காத்திருப்பேன். "கல்யாண வயசுல காட்டுல என்னடி வேலை?" என்று இரண்டு வீட்டிலும் திட்டு. ஆயர் ஈத்தாம் பக்கத்து மலைக்காட்டில் நாங்கள் ஓட்டிய பாதை அரசாங்கம் போட்டதல்ல. காலை நடைக்கு வரும் சீனப் பெரியவர்களும் சைக்கிள்காரர்களுமாக மண்வெட்டி பிடித்துப் போட்டது. மேலே போகிறவர்கள் பாதைக்காகச் செங்கல் சுமந்து போகவேண்டும் என்பது அங்கே வழக்கம். நான் முணுமுணுத்தால், "சும்மா ஏறி சும்மா இறங்க இது என்ன லிஃப்டா? தூக்கு லா!" என்பார்.

ஒரு சைக்கிள்காரர் நடைக்கு வந்த ஒரு மூதாட்டியை உரசிவிட்டுப் போனதிலிருந்து நடைக்காரர்கள் கொதித்துப் போயிருந்தார்கள். இனி சைக்கிளில் ஒருவர் விழுந்தாலும் சரி, மோதினாலும் சரி, சைக்கிளுக்குப் பாதை மூடப்படும் என்று நடைக்காரர்கள் கூட்டத்தில் முடிவாகிவிட்டது. "மூடிட்டா எனக்கு ஞாயித்துக்கெழமையே இல்ல, மாலா" என்றார் அக்கா.

அடுத்த வாரமே அவர் விழுந்தார். கீழ் வளைவில் மண் அரித்திருந்தது. அங்கே பதிப்பதற்காக, மேலே இறக்கவேண்டிய செங்கல்களில் இரண்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு இறங்கினார். செங்கல்லோடு ஏறலாம், இறங்கலாமா? வளைவில் பை ஒரு பக்கம் இழுக்க, சைக்கிளோடு சரிவில் பாய்ந்து புதருக்குள் மறைந்துபோனார். பிரேக் பிடித்து எட்டிப் பார்த்தேன். இடது கை திரும்பக்கூடாத பக்கம் திரும்பியிருந்தது. நான் அலற வாயெடுப்பதற்குள் கீழேயிருந்து பேச்சுக்குரல். நடைக்காரர்கள் ஏறி வந்துகொண்டிருந்தார்கள்.

"வாய தொறக்காத. சிரிச்சிக்கிட்டு நில்லு" என்று புதருக்குள்ளிருந்து அக்கா.

நின்றேன். மலாய் மொழியில் காலை வணக்கம் சொன்னேன். போய்த் தொலைவார்கள் என்று பார்த்தால், என் முன்னாலேயே உட்கார்ந்து ஃபிளாஸ்க்கைத் திறந்தார்கள்! ஓர் ஆன்ட்டி எனக்கும் தேநீர் ஊற்றினார். புதரிலிருந்து மூச்சுச் சத்தம்கூட இல்லை. மயங்கிவிட்டாரா? செத்தே போய்விட்டாரா? கத்தினால் பாதை போய்விடும். கத்தாவிட்டால் அக்கா?

கடைசியாக எழுந்தவர் லிம் அங்கிள். நடைக்காரர்களின் தலைவர், பாதையை மூடச் சொன்னவரே அவர்தான். மற்றவர்கள் வளைவு தாண்டும்வரை குனிந்து காலில் சப்பாத்துக் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தார். பிறகு புதரைப் பார்த்து, "கீழே இருக்கிற பெண்ணுக்குத் தேநீர் வேண்டாமா?" என்று மலாயில் கேட்டார். சைக்கிளின் கைப்பிடி வெளியே தெரிந்ததை வந்தவுடனே பார்த்துவிட்டாராம்.

இருவருமாக அக்காவை மேலே தூக்கினோம். பையிலிருந்த செங்கல்களைப் பார்த்துவிட்டு அங்கிள் தலையில் அடித்துக்கொண்டார். "இவளை விரட்டிவிட்டு நான் யாரை வைத்துப் பாதை போடுவேன்?" என்றார். அடுத்த கூட்டத்தில் அக்கா விழுந்ததைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை. பாதை இன்றும் சைக்கிளுக்குத் திறந்திருக்கிறது.

போன மாதம் ஆஸ்பத்திரியிலும் அக்கா அன்று புதருக்குள் கிடந்த மாதிரித்தான் கிடந்தார். புற்றுநோய் எலும்புவரை போயிருந்தது. பார்க்க வருகிறவர்களிடம் "வலியா? இல்ல லா" என்று சிரிப்பார். அவர்கள் போனதும் போர்வையைக் கடிப்பார். ஒருநாள் அறை நிறைய ஆட்கள் இருக்கும்போதே என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தார். இந்த முறை என்னால் சிரித்துக்கொண்டு நிற்க முடியவில்லை. "அவங்களுக்கு வலிக்குது! எல்லாரும் வெளிய போங்க!" என்று கத்தி நர்சைக் கூப்பிட்டேன்.

அறை காலியானதும் அக்கா வாய்விட்டு அழுதார். என்னைத் திட்டப்போகிறார் என்றுதான் நினைத்தேன். "நல்லா கத்தினடி" என்றார்.

உங்களுக்கெல்லாம் அவர் சிரிப்பைத் தந்துவிட்டுப் போயிருக்கிறார். அந்த அழுகையை என்னிடம் மட்டும்தான் தந்தார். அதை நான் வைத்துக்கொள்கிறேன்.