அரை நிமிஷ மணி

எழுபத்தெட்டில் ஆம்பூர் தோல் ஷாப் ஒன்றில் நான் புது எலக்ட்ரீஷியன். தோல் பதப்படுத்தும் பெரிய மர டிரம்முக்கு சுவிட்சைப் போட்டால், பழைய டைமர் ஒன்று அரை நிமிஷம் மணியடித்த பிறகுதான் அது சுற்றும். வீண் தாமதம் என்று டைமரைக் கழற்றிவிட்டு, நேரடியாக இணைப்புக் கொடுத்தேன்.

மத்தியானம் சுவிட்சில் விரல் வைத்தேன். டிரம்முக்குள் யாரோ இருமினார்கள்.

"உள்ள யாரு?"

பதமான தோலை உள்ளே இறங்கி வாரிப்போடும் காதர் பாய் தலையை நீட்டினார். "நான்தான். இன்னாத்துக்குப்பா பேஜார் பண்றே? மணி அடிச்சா வந்துட மாட்டேனா?"

டைமர் எதற்கென்று அப்போதுதான் புரிந்தது. விரலை எடுத்தேன். உடனே டைமரைத் திரும்ப மாட்டினேன்.

மறுநாள், "மணி இன்னா ஜாஸ்தி நேரம் அடிக்குது?" என்றார் பாய்.

ஒரு நிமிஷமாகக் கூட்டி வைத்தது நான்தான். ஏனென்று இன்றுவரை அவரிடம் சொல்லவில்லை.